இரண்டு மணி நேரச் சட்டம்

கலிபோர்னியா மாநிலத்தின் சட்டத்தை நான் ஒருமுறை மாற்றியிருக்கிறேன். இரண்டே மணி நேரத்துக்கு.

மேல்முறையீட்டு நீதிமன்ற அலுவலகத்தில் தீர்ப்புகளை இணையத்தில் ஏற்றுவது என் வேலை. ‘வெளியிட வேண்டாம்’ என்று குறித்து வந்த ஒன்றை, இடது கையில் பாதி தின்ற புரிட்டோவோடு, வெளியிடும் பட்டியலில் ஏற்றித் தொலைத்தேன்.

வெளியிட்ட தீர்ப்பு ஊருக்கெல்லாம் சட்டம். அடுத்தவர் வழக்கிலும் எடுத்துக் காட்டலாம். வெளியிடாதது வழக்காடியவர்களுக்கு மட்டும். அதுவும் இணையத்தில் கிடக்கும், யாரும் படிக்கலாம். எந்தக் கோர்ட்டிலும் அதன் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. எங்களிடம் பத்துக்கு ஒன்பது இந்த ரகம்தான்.

நான் சொதப்பியது ஒரு டிரெய்லர் வீட்டுப் பேட்டை வழக்கு: வீடு சொந்தம், அது நிற்கும் மனைக்குப் பேட்டைக்காரனிடம் வாடகை. சக்கர நாற்காலிக்காக வாசலில் அனுமதி கேட்காமல் ராம்ப் என்ற சாய்தளம் கட்டியவரை அதற்காகக் காலி செய்ய முடியாது என்று தீர்ப்பு. தவறு தெரிந்து பட்டியலை மாற்றுவதற்குள் இன்னொரு பேட்டையில் குடியிருக்கும் ஒஃபீலியா பராகான் என்ற அம்மாள் அதை அச்செடுத்துவிட்டார். மறுநாள் காலை என் கவுண்டர் முன்னால் நின்றார்.

“தம்பி, எங்க பேட்டைக்காரனும் அதையேதான் சொல்றான். என் புருஷனுக்குக் கட்டுன ராம்பைப் பிரி, இல்லன்னா காலி பண்ணுங்கறான். ரெண்டு மாசத்துல கேஸ். இதைக் காட்டலாமா, கூடாதா?”

“கூடாதுங்க.”

“தப்பான தீர்ப்பா?”

“சரியான தீர்ப்புதான். அந்த மனுஷனுக்கு மட்டும்.”

“ஓஹோ! அவரு என்ன, தங்கத்துலயா ராம்ப் கட்டுனாரு?”

சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. சுவரில் ஒட்டியிருந்த விதியை விரலால் காட்டினேன்: தீர்ப்பு வந்த இருபது நாளுக்குள், அதை வெளியிடச் சொல்லி யார் வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம். விரல் நீட்டுவதும் ஆலோசனைதான் என்று இதுவரை யாரும் தீர்ப்பெழுதவில்லை. எழுதியிருந்தாலும் வெளியிட்டிருக்க மாட்டார்கள்.

நாலு நாளில் கடிதம் வந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி மார்கரெட் ஆஸ்ட்ராண்டரிடம் நானே கொண்டுபோனேன். அவர் சத்தமாகப் படித்தார்: “‘அம்மா, உங்கள் தீர்ப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை?’”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “இது இவங்க கண்ணுல எப்படிப்பா பட்டுது, வெண்டல்?”

“என் கைங்கரியம்தான், ஜட்ஜம்மா.”

“நெனச்சேன்.”

“ஏன் வெளியிட வேண்டாம்னு போட்டீங்க?”

“அதுல புதுசா ஒண்ணுமில்ல.”

“அப்ப பழைய தீர்ப்பு ஏதாவது இருக்கணுமே? அதையாவது அந்தம்மா காட்டலாமே?”

பாதாம் ஒன்றை வாயில் போட்டு மெதுவாக மென்றார். “வெளியிடறதுன்னா இந்தக் கேஸ்ல என்னோட உக்காந்த மத்த ரெண்டு ஜட்ஜும் யோசிக்கணும்.”

“அவங்களைக் கேட்டீங்களா?”

“உனக்கு ஏத்தறதுக்குத் தீர்ப்பு எதுவும் இல்லையா?”

“நிறைய இருக்கு. எங்க ஏத்தறதுன்னுதான் பயமா இருக்கு.”

சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஒரே மத்தியானத்துல எழுதிட்டேன், வெண்டல். வேற யாரும் இதை நம்பி நிக்கப் போறதில்லைன்னு முடிவை எழுதி, காரணத்தைப் பாதியோட விட்டுட்டேன். சோம்பேறித்தனம், வேற ஒண்ணுமில்ல. மாத்த இன்னும் நாள் இருக்கு. மீதியை எழுதறேன், அப்புறம் இது எல்லாருக்கும் சட்டமா நிக்கும். அவங்க ரெண்டு பேரையும் நானே கேக்கறேன்.”