கோத்தகிரிப் பக்கம் மழை

எங்கள் ஊரில் வானத்தைப் பார்த்து யாரும் வேலை செய்வதில்லை. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் பனியன் தைக்கிற ஓவர்லாக் மிஷின் பாட்டுக்கு ஓடும். கார்த்திகைக் கடைசியில் அந்த ஒரு வாரம் மட்டும் எங்கள் வீட்டில் ஆளாளுக்குப் போனை எடுத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் திருப்பூர் மழையை இல்லை, கோத்தகிரி மழையை.

எல்லாம் ரங்காத்தாள் அக்காவுக்காகத்தான். அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. இரண்டு கிட்னியும் போய்விட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முதலிபாளையத்தில் அவள் மகன் அருண்குமாருக்குக் கீழே பனியன் கம்பெனி, மேலே வீடு. மாடி அறையில் படுத்துக்கொண்டு, கீழே மிஷின் நின்றால் "என்ன, கரண்டு போச்சா, ஆளு போச்சா?" என்று கேட்பாள். உடம்புதான் போயிருந்தது, வாய் போகவில்லை.

அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஆசை. தம்பி மணியனை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவர் கோத்தகிரியைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். கூடப் பிறந்தவர் என்று அக்காவுக்கு அவர் ஒருத்தர்தான்.

திங்கட்கிழமை காலையில் மருமகள் மோனிஷா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் படித்தாள்.

"இன்னைக்கு அடிவாரத்துல தூறல், மலைல மூடுபனிங்க அத்தை. நாளைக்கு ரெண்டு பக்கமும் மழ இல்ல, நல்ல வெயிலு. புதன் பகல்ல மேகமா இருக்கும், சாயங்காலம் பொழுதோட மழ புடிக்குமாம். வியாழனும் வெள்ளியும் மலைல கனமழ, மண்ணு சரியலாம்னு போட்டிருக்குது. சனிக்கெழம கொறையும். ஞாயித்துக்கெழம பனிங்க."

"அந்தப் போனு என்ற மாமியாளாட்ட. சொல்றதொண்ணு, செய்யறதொண்ணு" என்றாள் அக்கா.

அருண்குமார் அப்போதே போனைக் கையில் எடுத்துவிட்டான். "அப்ப மாமாவ நாளைக்கே வரச்சொல்லிடறேன். காரு அனுப்பிச்சுடலாம்."

"நாளைக்கு என்ன கெழமடா?"

"செவ்வாயிங்கம்மா."

"சீக்காளியப் பாக்க எவனாச்சும் செவ்வாக்கெழம வருவானா?"

எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. நோயில் கிடப்பவர்களைச் செவ்வாயும் சனியும் பார்க்கப் போகக் கூடாது. போனால் அந்த நோவு, பார்க்க வந்தவர் கூடவே கிளம்பிவிடும் என்பார்கள். அருண்குமார் தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா, இந்தக் காலத்துல போயி..."

"உனக்கு அவன் மாமன். எனக்குக் கூடப் பொறந்தவன். அவனுக்கு ஏற்கெனவே நெஞ்சுல சளி கட்டிக் கெடக்குது. என்ற சீக்கையும் அவங்கிட்டக் குடுத்துட்டுப் போகோணுமா? புதங்கெழம வரச்சொல்லு."

நானும் சொல்லிப் பார்த்தேன். "உள்ள வர வேண்டாங்கக்கா. வாசப்படியில நின்னு பாத்துட்டுப் போகட்டும்."

"வாசப்படியில நிக்கறதுக்கு அவன் என்ன பார்சல்காரனா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு எப்படி மறுத்துப் பேசுவது? மணியன் அண்ணனும் போனில் அதையேதான் சொன்னார். "அக்கா சொன்னாச் சரிதானுங்க அம்மிணி. புதங்கெழம வெடியால கெளம்பறேன். மழ பொழுதோடதான? அதுக்குள்ள மேட்டுப்பாளையம் எறங்கிருவேன்."

செவ்வாய்க்கிழமை அடித்த வெயில் இருக்கிறதே, ஐப்பசியிலிருந்து அப்படி ஒரு வெயிலை நான் பார்க்கவில்லை. மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டேன். மத்தியானம் மணியன் அண்ணனே கூப்பிட்டார்.

"இங்க வானம் கழுவி உட்டாப்பல இருக்குதுங்க அம்மிணி. ரோட்டுல துளி மூடுபனி இல்ல."

"அப்ப வந்துர்றீங்களாண்ணா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

அவர் ஒருமுறை இருமினார். பிறகு, "வேண்டாங்க. அக்கா வைஞ்சே கொன்னுருவா" என்றார்.

அக்கா அன்றைக்குத் தெம்பாக இருந்தாள். எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, தலையை வாரிவிடச் சொன்னாள். மறுநாள் சமையலுக்கு உத்தரவு போட்டாள். "அரிசியும்பருப்புச் சோறு வெய்யி. அவனுக்கு அதுன்னா உசுரு. நெய்ய அளந்து ஊத்தாத, உன்ற கை இறுக்கம் ஊருக்கே தெரியும்." நான் சரி என்றேன்.

புதன்கிழமை விடிவதற்குள் போன் அடித்தது, மணியன் அண்ணன்தான். செவ்வாய் இரவே மலையில் மழை பிடித்துவிட்டது. மோனிஷாவின் போனில் அப்போதும் புதன் மாலை என்றுதான் இருந்தது. அவர் ஊரிலிருந்து கோத்தகிரிக்கு வரும் சிறு ரோடு, தேயிலைச் செடியோடு சேர்த்துப் பள்ளத்தில் சரிந்து கிடக்கிறதாம். பையைத் தூக்கிக்கொண்டு அதுவரை வந்து பார்த்துவிட்டு, நனைந்து திரும்பிப் போயிருக்கிறார்.

"நடந்து தாண்டறேன்னேன், உட மாட்டேங்கறாங்க. மழ நின்னாத்தான் ஜேசிபி வருமாம்" என்றார். இருமல் அவரைப் பேச விடவில்லை.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். வைவாள் என்று நினைத்தேன். "அந்த மழைல காருல ஏறாம இருந்தானே, அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்சம் கழித்து மோனிஷாவைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு என்ன போட்டிருக்குது, படி."

மோனிஷா போனைப் பார்த்தாள். "நாளைக்குக் கொறைஞ்சுருமாங்க அத்தை. வெயிலு வருமாம்."

"பொய் சொல்லோணும்னா மொகத்தத் தொடச்சுட்டு வந்து சொல்லு கண்ணு."

வைத்த சோற்றை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை உச்சிப்பொழுதில் அக்கா போய்விட்டாள். அருண்குமார் கீழே போய் மிஷினை நிறுத்தச் சொன்னான். அத்தனையும் ஒன்றாக நின்றபோதுதான் எனக்கு அழுகையே வந்தது.

சாயங்காலத்துக்குள் குன்னத்தூர் ஒறம்பரை, அக்காவின் பிறந்த வீட்டுச் சொந்தங்கள், எல்லாம் வந்துவிட்டார்கள். வந்ததும் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. செத்துப்போன பெண்ணுக்குக் கடைசியாகப் பிறந்த வீட்டுச் சேலை போர்த்த வேண்டும். கோடி என்போம். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போட வேண்டும். அது விழாமல் தூக்க மாட்டார்கள்.

"கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப, கோடி வராம எப்படிங்க எடுக்கறது?" என்று அவர்களில் மூத்த பெரியாத்தாள் கிழவி நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். அருண்குமார் போனை நீட்டிக் காட்டினான். வெள்ளி மிகக் கனமழை, சனி குறையும்.

"சனிக்கெழம வரைக்கும் வெச்சிருக்கலாங்க. ஐஸ் பொட்டி சொல்லிட்டேன். மாமா வந்துதான் போடோணும். கடைசியா மொகத்தையாவது பாக்கட்டும்."

குன்னத்தூர்த் திருமூர்த்தி, அக்காவின் பிறந்த வீட்டுப் பங்காளி, தயங்கித் தயங்கிச் சொன்னார். "நானும் பங்காளிதானுங்க. மணியன் சரின்னு சொன்னா நான் போடறேன். சொல்லாமப் போட மாட்டேன்."

மணியன் அண்ணனைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்கள். அருண்குமார் விவரம் சொன்னான். ஐஸ் பெட்டி என்றதும் அவர் குறுக்கிட்டார்.

"ஐஸ் பொட்டியா?"

"ரெண்டு நாளைக்குத்தானுங்க மாமா."

"அவ இங்க ஒருக்கா மார்கழில வந்தா சாமி. மூணு கம்பளி போத்தியும் பல்லு அடிச்சுது. மறுநாளே பஸ் ஏறிட்டா. அப்புறம் எத்தன கூப்புட்டும் குளுர் காலத்துல வந்ததில்ல." குரல் உடைந்தது. "எனக்கு மொகம் பாக்கோணுங்கறதுக்காக அவளக் குளுர்ல போட்டு வெக்காதீங்க. திருமூர்த்தியே போடட்டும்."

அருண்குமார் தலையைக் குனிந்துகொண்டான். பெரியாத்தாள் கிழவியும் நடுக்கூடத்திலிருந்து எழுந்துகொண்டாள்.

"மாம்பழக் கலரா எடுங்க" என்றார் மணியன் அண்ணன். "நல்ல சேலையா எடுங்க."

வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் திருமூர்த்தி போய் எடுத்துவந்தார். போனை மோனிஷா பிடித்துக்கொண்டாள். படம் வரவில்லை, குரல் மட்டும்தான் கிடைத்தது. சேலையைப் பிரித்துப் போர்த்தும்போது திருமூர்த்தி சத்தமாகச் சொன்னார்: "இது மணியன் போடற கோடிங்க. நான் கை மட்டுந்தான்." போனுக்குள் ஒரு விம்மல் கேட்டது. கூடத்தில் இருந்த பெண்கள் மொத்தமாக அழுதுவிட்டார்கள்.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தோம். எங்கள் ஊரில் சொட்டு மழையில்லை, தெருவெல்லாம் வெயில். போனை யாரும் வைக்கவில்லை என்று மோனிஷா என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எடுத்தாச்சுங்களா அம்மிணி?"

"எடுத்தாச்சுங்கண்ணா."

 போனில் அவர் வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும் காதில் விழுந்தது. என்னவாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"மழ கொறைஞ்சிருக்குதுங்களா?"

"இல்லீங்க அம்மிணி. இன்னைக்குப் பூராம் இப்படித்தான் இருக்குமாம்."