தலைக்கு ஆகாத பூ

போன ஆடியில் காளியண்ணன் காலமானதிலிருந்து அவர் சம்சாரம் ராஜம்மாள் செடிகொடிப் பக்கமே போவதில்லை. பூவைத் தொடக்கூடாதென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. வாயால் சொல்லாமலே சொல்வதில் நம்ம ஊர் கெட்டி. அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்த அத்தையை எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று மருமகள் ரஞ்சிதாவுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஏற்காட்டில் வாங்கிய, காட்டுப் பான்சி என்ற குளிர்நாட்டுப் பூவின் விதையை ஐப்பசியில் தொட்டியில் தூவினாள். "பரமத்தி வேலூர் வெயிலுக்கு இது தாங்குமாக்கும்!" என்று சிரித்தான் புருஷன் குமரகுரு. மார்கழிப் பனி அவள் பக்கம் நின்றது. தை பிறந்ததும் ஊதாவும் வெள்ளையும் மஞ்சளுமாகக் குட்டிக் குட்டிப் பூக்கள், பூனைக்குட்டி மூஞ்சி மாதிரி.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அத்தையின் கட்டிலருகே வைத்தாள்.

"எனக்கெதுக்கு கண்ணு பூவு? எடுத்துட்டுப் போ."

"இது தலைக்கு வெக்கற பூவு இல்லீங்க அத்தை. நாருல கட்டுனா நிக்காது. சாமிக்கும் யாரும் வெக்கறதில்லீங்க."

"அப்பறம் எதுக்காமா?"

"சும்மா பாக்கறதுக்குத்தானுங்க."

ராஜம்மாள் வெகுநேரம் பார்த்தார். பிறகு சின்னப்பிள்ளை கேட்பதுபோல் கேட்டார்: "இதைத் தொட்டா ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்கல்ல?"

ரஞ்சிதா, மாட்டாங்க என்று தலையை ஆட்டினாள்.

மறுநாளே தொட்டி வாசலுக்கு வந்துவிட்டது, கூடவே அத்தையும். வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்துவதும் வாடியதைக் கிள்ளுவதும் அவர் வேலையாகிப் போனது. மருமகளை அண்டவே விடவில்லை.

அப்படி ஒரு காலையில் பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் வந்தார். புருஷன் போய்ப் பல வருஷமானவர்.

"ஏன் ராஜம்மா, பூச்செடிகிட்ட உனக்கென்ன சோலி?"

அடுப்படியில் இருந்த ரஞ்சிதா பதறிப்போனாள். இத்தனை பாடும் இந்த ஒரு சொல்லில் போச்சு, அத்தை திரும்பவும் கட்டிலுக்கே போய்விடுவார் என்று கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

ராஜம்மாள் எழுந்திருக்கவில்லை. நல்லதாக ஒரு பூவைப் பார்த்துக் கிள்ளினார்.

"கையை நீட்டு முத்தாயம்மா."

"எனக்கெதுக்கு?"

"சும்மா. பாக்கறதுக்கு."

உள்ளங்கையில் விழுந்த பூவை முத்தாயம்மாள் பார்த்தபடியே நின்றார். வந்த காரியமே மறந்துபோனது. பிறகு, பூ கசங்கிவிடாமல் கையை மெல்ல மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.