ஓர்பா என்னும் துறைமுகம்

அந்தக் கணினி விளையாட்டு நிறுவனத்தில், விளையாட்டில் வரும் ஊர்களுக்குப் பெயர் சூட்டுவது அக்காளின் பணி. அவ்வூர்களைக் கணினியில் வரைவது தங்கையின் பணி. திரையில் ஓடும் விளையாட்டுக்கு ஏதோவொரு பெயர் போதாதா என்று கேட்போரிடம் அக்காள் மல்லுக்கு நிற்பதில்லை. லத்தீன் அகராதியைப் புரட்டி, சுரங்க ஊருக்கு இரும்பைக் குறிக்கும் ‘ஃபெர்ரம்’ என்னும் வேரிலிருந்து ஃபெரானா என்றும், வெயில் படாத மலைக்கு நிழலைக் குறிக்கும் ‘உம்ப்ரா’விலிருந்து உம்ப்ரியம் என்றும் பெயரிட்டுவிட்டுத் தன் பாட்டைப் பார்ப்பாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சீட்டு எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். அதில் மூன்று வரிகள்: வேர், பொருள், காரணம்.

கப்பல் வராத துறைமுகம் ஒன்றுக்கு அவள் ஓர்பா என்று பெயரிட்டாள். லத்தீனில் பிள்ளையை இழந்தவள் என்பது பொருள். காரணத்தில் ‘ஓசை நயம்’ என்றெழுதி ஒப்பேற்றிவிட்டாள். ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போன குழந்தையைப் பற்றி அறிந்தவர்கள் அவளுடைய கணவனும் தங்கையும் மட்டுமே.

பெயர்ப்பட்டியலை இறுதி செய்யும் நாளன்று, மதிய உணவு முடிந்து அவள் திரும்பியபோது கூடத்தில் இருந்தவர்கள் அவளையே திரும்பிப் பார்த்தார்கள். ஒலிப்பதிவாளர் எழுந்து வந்தார்.

“மனசைத் தேத்திக்குங்க மேடம். எங்களுக்குத் தெரியவே தெரியாது.”

அவள் சுவரை நோக்கினாள். ஓர்பாவின் சீட்டில் ‘ஓசை நயம்’ அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே தங்கையின் உருண்டைக் கையெழுத்து: ‘பெயரிட்டவரின், பிறக்காமலே போன குழந்தையின் நினைவாக.’

தங்கையைப் படிக்கட்டுக்கு அழைத்துச் சென்றாள்.

“நீதானே எழுதினே?”

“நீ சாப்பிடப் போனப்ப, அந்தப் பேரையே தூக்கச் சொன்னாருக்கா நம்ம குழுத்தலைவர். ஓசை நயமெல்லாம் ஒரு காரணமான்னு சிரிச்சாரு. பேரோட ஊரையும் தூக்கிடலாம்னாரு. மூணு மாசமா கண்ணு பூத்துப்போற அளவுக்கு வரைஞ்சது. நிஜக் காரணத்தைச் சொன்னதும் ஊரு இருக்கட்டும்னாரு. கதையோட கடைசிக் கட்டமே அங்கதான்னுட்டாரு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா வேண்டாம்னிருப்பே.”

“அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே.”

தங்கை கைப்பிடிச் சுவரைச் சுரண்டினாள். “இப்ப எல்லாரும் உன்மேல எவ்வளவு பாசமா இருக்காங்க பாரு.”

“என் பிள்ளையைக் கொடுத்து உன் ஊரை வாங்கிட்டே. பாசம் எனக்குக் கொசுறா?”

பட்டியல் இறுதியாவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதுவரை, பெயரிட்டவர் தாம் கொடுத்த பெயரைத் திரும்பப் பெறலாம் என்பது விதி. கூடத்துக்குத் திரும்பிய அக்காள் சீட்டைக் கிழிக்கவில்லை; சுவரிலிருந்து எடுத்து நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு பட்டியலைத் திறந்து ஓர்பாவை நீக்கினாள்.

“அக்கா, பெயர்ப்பலகை மட்டுமே நாற்பது வரைஞ்சு வச்சிருக்கேன். இப்ப அந்த ஊருக்கு என்ன பேரு வைக்கிறது?”

“எதையாவது வச்சுக்கோ. உனக்குத்தான் காரணம் எழுத நல்லா வருதே.”

மாலையில் பேருந்தில் ஏறிய அக்காள், பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தாள். பின்னாலேயே தங்கை ஏறி வந்து அருகில் நின்றபோதும் அதை எடுக்கவில்லை.