வெள்ளைத் தொட்டியில் நாற்பது மீன்கள்

“கடல் மீன்ல இருக்கற மஞ்சள் இதுல எங்க இருக்கு? சோடாப் போட்டு வெளுத்த சட்டை மாதிரில்ல இருக்கு” என்றார் அப்பா.

“நாப்பது வருஷம் கடலுக்கடியில முங்கி மீன் புடிச்சவருக்கு எதக் காட்டினாலும் நொட்டைதான்” என்றாள் ரஸ்மினி.

“கடற்பஞ்சு தின்னு வளர்ற மீனுக்கு வெறும் எறாலப் போட்டா வேற எப்பிடி இருக்கும்?”

அது மூன்று வருடத்துக்கு முந்தைய பேச்சு. அதன்பின் ரஸ்மினி, கொல்லைக் கொட்டகையில் விற்பனைக்கு வளர்க்கும் ஏஞ்சல் மீன்களின் தீனியில் கடற்பஞ்சை அரைத்துச் சேர்த்தாள். தொட்டிகளின் உட்சுவருக்குக் கறுப்பு அடித்தாள். கண்கூசும் விளக்குகளைக் கழற்றினாள். போன மாதம் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு வெகுநேரம் பார்த்திருந்த அப்பா, “இது கடல்ல கண்ணுல பட்டிருந்தா நானே வலை வீசியிருப்பேன்” என்றார்.

அந்தத் தைரியத்தில் அவள் வாய் திறந்தாள். “அப்பா, இந்தக் கொட்டகை…”

“நெலமும் வீடும் ஆம்பளப் புள்ளைக்குத்தான். ஊர் வழக்கம். நான் சொல்லி என்ன? அண்ணன்கிட்ட கேளு.”

அவள் கேட்கவில்லை. தென்பசார் நகரத்தில் இருக்கும் அண்ணன் சுவார்திகா, கொட்டகையை இடித்து விருந்தினர் அறைகள் கட்ட ஆளும் பார்த்துவிட்டான்.

இன்று விடியலில் அப்பா போய்விட்டார்.

முற்றத்தில் அவரைக் குளிப்பாட்டினார்கள். ரஸ்மினி காலுக்கு நீர் வார்த்தாள். ஊர் வழக்கப்படி புருவங்களின் மேல் வேப்பிலையும், மூடிய இமைகளின் மேல் கண்ணாடிச் சில்லுகளும் வைத்தார்கள். எல்லாம் முடிந்தபின் அவள் கொல்லைப்புறம் போனாள்.

கொட்டகைக்குள் ஊர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தொட்டிகள் வடிக்கப்பட்டு, மேலே பலகை போட்டு மேசையாகியிருந்தன. வெளியே வெயிலில் நான்கு வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டிகள். அவற்றில் நாற்பது ஏஞ்சல் மீன்கள், சாம்பல் தடவியதைப்போல. நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை.

“சமைக்க எடம் வேணும்னாங்க. நான்தான் மாத்தினேன்” என்றான் அண்ணன். “பாத்தியா ரஸ்மி. அப்பா போனது அதுகளுக்கும் தெரிஞ்சிருச்சு.”

பக்கத்தில் நின்ற சித்தி இடுப்புத் துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

“அதுகளுக்கு ஒண்ணும் தெரியல சித்தி. தொட்டி வெள்ளையா இருக்கு. அடியில வெளிச்சம் பட்டா மீன் வெளுத்துத்தான் போகும்” என்றாள் ரஸ்மினி. நீரில் கைவிட்டுப் பார்த்தாள். சூடு ஏறியிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த சரோங்கைத் தூக்கிச் செருகினாள்.

“இன்னைக்கு இதெல்லாம் அவசியமா?” என்றான் அண்ணன்.

“இன்னைக்கு விட்டா நாளைக்கு மீன் இருக்காதுண்ணே. அந்தக் கறுப்புத் தார்ப்பாயி முனையப் புடி.”

அவன் பிடித்தான். தார்ப்பாயை வெட்டித் தொட்டிகளின் அடியிலும் பக்கங்களிலும் உள்ளே படியவைத்தாள். மீதியை மேலே பந்தலாகக் கட்டினாள். காற்றுக் குழாயை இழுத்து வந்து மாட்டினாள். ஊர்ப் பெண் ஒருத்தி காப்பி நீட்டினாள். கை ஈரம் என்று ரஸ்மினி மறுத்துத் தலையசைத்தாள்.

“செத்த வீட்டுல இவ மட்டும் எப்பிடி ஓடியாடுறா பாரு” என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அவள் குழாயின் முடிச்சை இறுக்கினாள்.

மாலை சாய்வதற்குள் முதல் மீனின் உடலில் நீலம் ஊறத் தொடங்கியது. பிறகு மஞ்சள் கோடுகள், ஒவ்வொன்றாக. சுவார்திகா குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

“இது உனக்கு எப்பிடித் தெரியும்?”

“பத்து வருஷமா நான் வேற என்ன பண்ணிட்டிருந்தேன்னு நெனச்சே?”

அவன் தார்ப்பாயின் ஓரத்தை நீவிவிட்டான். “பதினஞ்சாம் தேதி ரூம் கட்ட எடத்தப் பாக்க அந்த ஆள் வர்றாரு” என்றான்.

சமையல் சத்தம் ஓய்ந்திருந்தது. கறுப்புத் தார்ப்பாய் படிந்த நீருக்குள் ஒரு மீன் மெல்லத் திரும்பியது. ரஸ்மினி கையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள்.

“அவர வர வேண்டாம்னு சொல்லுண்ணே. இந்தக் கொட்டகைய எனக்குக் குடு.”