முகப்பில் பரப்பிய பால் டின்கள்

காரைக்குடி செக்காலையில் ஒரு வீட்டுக்குச் சீர் வந்தால் தெருவுக்கே தெரிந்தாக வேண்டும். ஞானபூரணி வேதக்காரிதான், கிறிஸ்தவக் குடும்பத்தில் அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் எதிர்வீட்டுக் கண்ணம்மை ஆச்சி மகள் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பியதைப் பார்த்த நாளிலிருந்து, தன் வீட்டுக்கு அரை டஜன் எவர்சில்வர் டம்ளர் வந்தாலும் முகப்பில் பரப்பி, நாலு பேர் பார்த்த பிறகுதான் எடுத்து உள்ளே வைப்பாள்.

அந்தப் பெருமையை நம்பித்தான் மருமகள் ஆரோக்கிய ஷீலா தன் பிள்ளையின் உயிரையே பணயம் வைத்தாள்.

தொண்ணூற்றெட்டாம் வருசம். ஷீலாவுக்கு எட்டாம் மாசம். மதுரை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, எச்.ஐ.வி. இருக்கிறது என்றார். ஷீலாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"ஒன்பதாம் மாசத்திலிருந்து இந்த மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வலி எடுத்ததும் மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு. பிள்ளைக்குத் தொத்துற ஆபத்து பாதியாக் குறையும். தாய்ப்பாலிலயும் தொத்தும்மா. அதனால கொதிச்சு ஆறின தண்ணியில டின் பால் மட்டும். ஒரு வாய்கூட மாத்திக் கொடுத்துறாதே."

புருசன் செல்வின் ஊர் ஊராகப் போய் பம்புசெட்டு விற்கிறவன். மாசத்தில் இருபது நாள் லாட்ஜு வாசம். "எனக்கு எதுக்கு டெஸ்ட்டு? குத்துக்கல்லாட்டம்ல இருக்கேன்" என்றான். அம்மா காதில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் நடுங்கினான். பிள்ளைக்காக நடுங்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மாத்திரைக்குச் சத்து மாத்திரை என்று பேர் வைத்தாயிற்று. பாலுக்கு என்ன பேர் வைப்பது? ஷீலா மதுரையிலிருந்த அண்ணன் சகாய ஆண்டனிக்கு எல்லாவற்றையும் எழுதினாள். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து தெரு நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கினான். தாம்பாளத்தில் பன்னிரண்டு பால் டின்.

ஞானபூரணி முகத்தைச் சுளித்தாள். "இது என்னடி சீரு? என் மூணு பிள்ளையும் என் பாலைக் குடிச்சுத்தானே வளந்துச்சு?"

"மதுரையில பெரிய வீட்டுப் பிள்ளைக எல்லாம் இதைத்தான் குடிக்குதாம் அத்தை. உங்களுக்கு வேணாம்னா எதிர்வீட்டுக்குக் கொடுத்துருவோம்" என்றாள் ஷீலா.

அவ்வளவுதான். டின்கள் முகப்பேறின. பேர் தெரிகிற பக்கம் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தது ஞானபூரணியேதான்.

மதுரையில் பிரசவம். வலியிலும் ஷீலா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு மாத்திரையும் தப்பவில்லை. பெண் பிள்ளை, மரிய அனிதா. ஏழாம் நாள் செக்காலைக்கு வந்ததும் கண்ணம்மை ஆச்சி பார்க்க வந்தார். பிள்ளை வீறிட்டு அழுதது.

"டின்னு கெடக்கட்டும் ஞானபூரணி. பெத்தவ மாரு நெறஞ்சு நிக்கிறப்ப பிள்ளையை அழ விடலாமா?"

ஞானபூரணி கரைந்துபோனாள். பிள்ளையைத் தூக்கி ஷீலா மடியில் போட்டாள். "ஒரு வாய்தானே தாயி. கொடு."

ஷீலாவின் மார் கல்லாய்க் கட்டியிருந்தது, ரவிக்கை நனைந்திருந்தது. பிள்ளை வாயைத் திறந்து திறந்து தேடியது. பெற்றவளுக்கு அதைவிட என்ன சோதனை வேண்டும், சொல்லுங்கள். அவள் கைகூட ஒரு கணம் கொக்கிக்குப் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மாமியார் காதோரம் சொன்னாள்:

"கொடுக்கிறேன் அத்தை. ஆனா அந்த டின்னெல்லாம் வெறும் பரப்புக்குத்தான்னு ஆச்சி நாளைக்கே தெருவுல சொல்லுவாக. அப்பறம் என்னை வையாதீக."

ஞானபூரணி பிள்ளையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள். "எங்க வீட்டுப் பிள்ளை இதைத்தான் குடிக்கும் ஆச்சி" என்றவள், கொதிக்கவைத்து மூடியிருந்த தண்ணீரை எடுத்துத் தானே பாலைக் கலக்கினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தாய்ப்பால் பேச்சு எழவில்லை.

பதினெட்டு மாசம் கழித்து மதுரையில் பிள்ளைக்கு ரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. ஷீலா அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ் முழுக்க அழுதாள்.

செல்வின் காகிதத்தைப் பார்த்துக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "நான் சொல்லல? நம்ம ரத்தத்துக்கு அதெல்லாம் வராது."

ஷீலா இன்னொரு சீட்டை எடுத்து நீட்டினாள். டாக்டரம்மா அவன் பேருக்கே எழுதிக் கொடுத்த பரிசோதனைச் சீட்டு.

"அப்ப நாளைக்குப் போயி அந்த ரத்தத்தைக் காட்டிட்டு வாங்க. முடியாதுன்னா சொல்லுங்க, இதை அத்தைகிட்ட கொடுக்கிறேன். அவுக முகப்புல பரப்பிருவாக."

மறுநாள் மதுரைக்குப் போன முதல் பஸ்ஸில் செல்வின் இருந்தான்.