இருபது நிமிடக் கடிகாரம்

பச்சை விளக்கு எரியவில்லை. அவள் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். வருகைப் பதிவு மெஷின் மறுபடியும் சிவப்பைக் காட்டியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் மணி பார்த்தார்கள்.

"ஊதிட்டு வைங்கக்கா," என்றான் ஏழுவிரல். மர ஆலையின் பெரிய ரம்பத்தை ஓட்டுபவன். மூன்று விரல்களை அந்த ரம்பத்துக்கே கொடுத்தவன். அவள் ஊதிப் பார்த்தாள், ஈரம் தொட்டும் பார்த்தாள். ஒன்றும் பலிக்காமல் ஒதுங்கினாள். அவன் மிச்சமிருந்த கட்டைவிரலை வைத்ததும் பச்சை எரிந்தது.

"பாத்தீங்களா பிளேடக்கா? ஏழு விரல்காரன் வந்துட்டானாம். பத்தும் வச்சிருக்கிற நீங்கதான் ஆளே இல்லயாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். அதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

ஆலையின் பின்னால் தகரக் கொட்டகை. ஒன்பது வருடம் பதினோரு மாதமாக அங்கே பிளேடு கழுவுவது அவள்தான். ஈர மரத்தை அறுத்த பிளேடில் பிசின் கருகி, பல்லுக்குப் பல் அடைத்துக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் பிளேடு சூடேறி மரம் தீய்ந்துவிடும். காஸ்டிக் சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பித்தளை பிரஷால் தேய்த்து, அலசி, துடைத்து, எண்ணெய் தடவி ஆணியில் மாட்டுவாள்.

கையுறை வருடத்துக்கு ஒரு ஜோடி. இரண்டு நாளில் பற்கள் அதைக் கிழித்துவிடும். கிழியாவிட்டாலும் அதைப் போட்டுக்கொண்டு இந்த வேலை ஆகாது. பல்லுக்கு அடியில் பிசின் மிச்சமிருக்கிறதா என்பது வெறும் விரலுக்குத்தான் தெரியும். தடவித் தடவி, சோடா பட்டுப் பட்டு, அவள் விரல் நுனிகள் வழித்துவிட்டது போல் வழுவழுவென்று ஆகிவிட்டன.

தொட்டிக்கு மேலே, முடுக்கிவிட்டால் இருபது நிமிடத்தில் மணியடிக்கும் கடிகாரம் ஒன்று தொங்கியது. இருபது நிமிடத்துக்கு மேல் ஊறினால் பிளேடின் பற்களை சோடா அரித்துவிடும். ஒருமுறை இரண்டு பற்கள் உதிர்ந்துபோக, மேற்பார்வையாளரே கடைக்குப் போய் இந்தக் கடிகாரத்தை வாங்கிவந்து மாட்டினார்.

மெஷின் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வாரம் விடுமுறை முடிந்து அவள் வந்த அன்றுதான் ரேகை பதிவு செய்தார்கள். அன்று எப்படியோ பிடித்துக்கொண்டது. பிறகு ஒருநாள் பச்சை, ஒருநாள் சிவப்பு. மாதத்தில் ஆறு சிவப்பு விழுந்தால் ஆலையின் ஆள் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அடுத்த மாதம் பத்து வருடம் முடிந்தால் அவள் நிரந்தரம். நிரந்தரமானால் ஆஸ்பத்திரி அட்டை கிடைக்கும். இதே ஆலையில் மரத்தூளைக் குடித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட அவள் கணவர், அந்த அட்டையை நம்பித்தான் வீட்டில் இருமிக்கொண்டிருந்தார்.

நான்கு பிளேடுகளைத் தொட்டியில் இறக்கிக் கடிகாரத்தை முடுக்கியபோது மேற்பார்வையாளர் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னியோட ஆறு ஆச்சும்மா."

"தினமும் வரேன் சார். நேத்து இருபத்திரெண்டு பிளேடு கழுவினேன். நீங்கதானே பாத்து வாங்கினீங்க?"

"நான் பாத்து என்ன பண்ண? மெஷின்ல பாக்கணுமே."

"பத்து நாள் சோடால கை வைக்காம இருந்தா ரேகை வந்துடும்னு டாக்டரம்மா சொல்றாங்க. அதுவரைக்கும் பலகை அடுக்குறேன் சார்."

"அப்புறம் பிளேடை யாரு கழுவுறது? உன் கை மாதிரி யாருக்கு வரும்?" பாராட்டாகத்தான் சொன்னார்.

"லீவாவது குடுங்க."

"அதையும் மெஷின் ஆப்சென்ட்டுனுதான் எடுத்துக்கும்." மேசை மேல் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். சொந்த விருப்பத்தில் விலகிக்கொள்வதாக அதில் அச்சாகியிருந்தது. "நாளையிலேர்ந்து பின்கேட் வழியா வா. தினக்கூலி. அங்க மெஷின் கிடையாது. அதே தொட்டி, அதே பிளேடு."

"அப்ப இந்தப் பத்து வருஷம்?"

அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "இதுவே நான் மேல கெஞ்சி வாங்கினதும்மா. வேணாம்னா அதுவும் இல்ல."

வீட்டு இருமல் அவள் காதில் கேட்டது. பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"கையெழுத்து வேணாம். கைநாட்டுத்தான் கேக்குறாங்க," என்று மைப்பெட்டியைத் தள்ளினார்.

அவள் கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்து எடுத்தாள். நீலமாக ஒரு வட்டம் விழுந்தது. அதில் ஒரு கோடுகூட இல்லை. அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஊதிக் காயவைத்தார்.

"போதும்மா," என்றார். "இது போதும்."

கொட்டகையில் மணி அடித்தது.

"சீக்கிரம் போம்மா, பல்லு அரிச்சிடப்போவுது."

அவள் வேகமாகப் போய்த் தொட்டிக்குள் கையை விட்டாள். நான்காவது பிளேடு மேலே வருவதற்குள் விரலில் மை இருந்த சுவடே இல்லை.