குஞ்சு நீந்தும் வரை

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்கு வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு பெண் கைப்பேசியில் மகளோடு கதைத்துக்கொண்டிருந்தாள். பாலத்தில் ஏறியதும் பாதிக் கதையைக் காற்று கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது ஒரு வரி: “நீ சேர்த்து வெச்சதாலதான் புள்ள, அதுகள் திண்டுட்டுதுகள்.”

அவ்வளவுதான். யாரை யாரோடு சேர்த்தது, எது எதைத் தின்றது, ஒன்றும் தெரியாது. அவள் இறங்கி எந்தப் பக்கம் போனாள் என்றுகூட நான் பார்க்கவில்லை. அந்த வரியைச் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோவதிலேயே கவனமாக இருந்தேன்.

ஆகவே, கீழே வருகிற பெண்ணும் வீடும் மீனும் நான் உண்டாக்கியவை. அவளுக்கு நஜ்முன் நிஸா என்று பெயர் வைத்தேன். வயது ஐம்பத்து மூன்று. ஊர் குறிஞ்சாக்கேணி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “நஜ்முன் நிஸாவின் மனதைப் போலவே அன்று கொட்டியாரக் குடாவும்—”

வெட்டிவிட்டேன். அவள் மனதைப் பற்றி எனக்கு அப்போது எதுவும் தெரியாது. குடாவைப் பற்றி அவளுக்கு அக்கறையும் இல்லை.

பிறகு: “மீன் என்றால் சட்டிக்குத்தான் என்று நம்பும் ஊரில் ஒரு பெண்—”

இதுவும் போகட்டும். ஆனால் இதில் உண்மை உண்டு. அவள் தொட்டியில் வளர்க்கும் சின்ன மீன்களைக் காட்டி அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் கேட்பாள்: “மச்சி, இதில எத்தனை சேர்ந்தா ஒரு சட்டி ஆணம் வரும்?” நஜ்முன் நிஸாவும் விடமாட்டாள். “உன்ட வாய்க்குக் காணாது. நீ சுறாவுக்குப் போ.”

மூன்றாவது தொடக்கம் நிலைத்துவிட்டது:

செவ்வாய்க்கிழமை காலை, ஜன்னல் வெளிச்சம் தொட்டியில் விழுந்த நேரம், ஆண்மீன் பெண்மீனைத் துரத்தத் தொடங்கியது. நஜ்முன் நிஸா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

இரண்டு விரல் மூட்டு நீளமுள்ள மீன் அது. சிங்களத்தில் புலத் ஹப்பயா என்பார்கள், வெற்றிலை சப்புகிறவன் என்று அர்த்தம். முட்டைக் காலத்தில் ஆணின் தலை வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்துவிடும். நஜ்முன் நிஸாவின் கணவர் ஸைனுலாப்தீனும் வெற்றிலைக்காரர்தான்.

“உங்கட ஆளைப் பாருங்கோ, பொம்பிளைக்குப் பின்னால ஓடுறதை.”

“நான் ஓடினது ஒருக்காத்தான்,” என்றார் அவர், கதிரையை விட்டு அசையாமல். “முப்பது வருஷமா இளைப்பு ஆறயில்லை.”

இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைப்பதற்கு அவளிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு கிழமை ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு வாளியில் விட்டு நுளம்புப் புழு போட்டுக் கொழுக்க வைப்பாள். [டெங்குக்குப் பயந்து, நுளம்பு வளர்த்தால் வழக்குப் போடுவார்கள். சுகாதாரப் பரிசோதகர் தெருமுனையில் தென்பட்டால் புழு வாளி ஈரச்சீலைக்கு அடியில் போய்விடும்.] கிணற்றுத் தண்ணீரில் உப்புச் சாயல் இருப்பதால் மழைத் தண்ணீர் பிடித்துக் கலப்பாள். தொட்டியின் அடியில் பிள்ளைகள் விளையாடும் கண்ணாடிப் போளைகளைப் பரப்புவாள். முட்டை அந்தப் போளைகளின் இடுக்கில் விழுந்து ஒளிய வேண்டும். ஏனென்றால், இட்டு முடித்துத் திரும்பிய உடனே தாயும் தகப்பனும் செய்கிற முதல் வேலை, தாங்கள் போட்ட முட்டையைத் தேடித் தின்பது. ஆகவே இரண்டையும் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். மறுநாள் முட்டை வெடித்து, இமைமயிர் அளவில் குஞ்சுகள் கண்ணாடியில் ஒட்டித் தொங்கும். நீந்தத் தொடங்க இன்னும் இரண்டு நாள் ஆகும்.

அன்றும் பத்து மணிக்கு முன்பே பெற்றோர் இரண்டையும் வலையால் கோலி எடுத்து, குசினி மூலையில் இருந்த வாளிக்குள் விட்டாள்.

3

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில்லாமல் மீன் விளங்காது.

எங்கள் கிழக்குப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மகளுக்குக் கலியாணம் என்றால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். பெற்றோர் பின்னாலோ பக்கத்திலோ ஒரு சின்ன இடம் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். யாரும் போகச் சொல்வதில்லை. போகாமல் இருந்தால்தான் ஊர் கதைக்கும்.

நஜ்முன் நிஸாவுக்கு ஒரே மகள், பஸ்னா. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளை மூதூர்ப் பக்கம், பெயர் ஜெமீல். கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம். குசினிக்குப் பின்னால் ஓர் அறை கட்டி, கூரைத் தகடும் போட்டாயிற்று. ஸைனுலாப்தீன் தன் வெற்றிலைத் தட்டத்தை எப்போதோ அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

நஜ்முன் நிஸா மட்டும் போகவில்லை. முன் விறாந்தைச் சுவரோரம் மீன்தொட்டி இருந்தது. அந்தச் சுவரில்தான் மாப்பிள்ளை வீட்டாரின் சோபா வர வேண்டும். யாராவது கேட்டால் அவள் சொல்வாள்: “தொட்டியை இப்ப அசைக்க ஏலாது. ஒட்டியிருக்கிற குஞ்சு விழுந்து செத்துப்போகும். நீந்தட்டும்.”

[மீன் வளர்க்கிற வாசகர்கள் கடிதம் எழுதுவீர்கள், மெதுவாகத் தூக்கினால் சாகாது என்று. அது அவளுக்கும் தெரியும்.]

ஒரு தொகுதி நீந்தத் தொடங்கினால், அதை வேறு வாளிக்கு மாற்றிவிட்டு, கழுவிய தொட்டியில் அடுத்த தொகுதி. ஸைனுலாப்தீன் ஒருநாள் வாய்விட்டே சொன்னார்: “கலியாணம் பேசின நாளில இருந்து இந்த மீனுக்கு ஓயாத பேறுகாலம்.”

அவள் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் விடிந்ததும் கண் விழித்துப் பார்த்த சுவர் அது. அதை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. சொல்ல வாயும் இல்லை.

4

இந்த இடத்தில் ஒரு வரி எழுதினேன்: “குசினி மூலை வாளிக்குள் ஒதுங்கிய அந்த இரண்டு மீன்களையும் போலவே, நஜ்முன் நிஸாவும் ஸைனுலாப்தீனும்—”

நஜ்முன் நிஸா என்னை நிறுத்தினாள். பாத்திரம் எழுத்தாளரோடு கதைப்பது பழைய தந்திரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி பழையதல்ல.

“மீன் மீன், நான் நான். மீன் தன்ட புள்ளையைத் திங்கும் எண்டுதான் வெளியே எடுக்கிறது. நான் ஆரைத் திண்டனான்?”

உவமையை வெட்டிவிட்டேன்.

5

நான் வெட்டி எறிந்த உவமையைப் பஸ்னா பொறுக்கிக்கொண்டாள்.

புதன்கிழமை பின்னேரம். பஸ்னா பாலர் பாடசாலையிலிருந்து வந்து தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனாள். பின்னறையில் உம்மா தரை கழுவும் சத்தம் கேட்டது. மூலையில் வாளி. அதற்குள் இரண்டு மீன்களும் ஒன்றோடொன்று ஒட்டி, அசையாமல் நின்றன. முன்னால் தொட்டியில் குஞ்சுகள் தொங்கின, பார்க்க ஆளில்லாமல்.

அவளுக்கு என்ன தோன்றியது என்று ஒரு பக்கம் எழுதினேன். அதை உங்களுக்குத் தரப்போவதில்லை. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். இரண்டு மீனையும் கையால் அள்ளித் தொட்டிக்குள் விட்டாள். பிறகு உடுப்பு மாற்றப் போனாள்.

நஜ்முன் நிஸா கை துடைத்துக்கொண்டு வந்தபோது கண்ணாடி வெறுமையாக இருந்தது. ஆண்மீன் மூலையில் கடைசி ஒன்றிரண்டைக் கொத்திக்கொண்டிருந்தது.

“ஆரு விட்டது?”

“நான்தான் உம்மா. பாவம், வாளிக்குள்ள கிடந்துதுகள்.”

“திங்கும் எண்டு எத்தனை தரம் சொன்னனான்?”

“முட்டையைத் திங்கும் எண்டுதானே சொன்னீங்க. முட்டையெண்டா தெரியாது. குஞ்சைக் கண்டா தெரியும்தானே, தன்ட புள்ள எண்டு.”

நஜ்முன் நிஸா கதிரையில் இருந்துவிட்டாள். பஸ்ஸில் நான் கேட்ட வரியை இங்கேதான் அவளைச் சொல்ல வைத்தேன். கோபமாகச் சொல்லும்படி எழுதினேன். அவள் களைப்பாகத்தான் சொன்னாள்: “நீ சேர்த்து வெச்சதாலதான் புள்ள, அதுகள் திண்டுட்டுதுகள்.”

பஸ்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. “பின்ன, பெத்ததுகளை வெளியே போட்டுட்டு நாங்க மட்டும் உள்ளுக்கு இருக்கிறதா?”

பின்னாலிருந்து ஸைனுலாப்தீன் எட்டிப் பார்த்தார். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவள் மீனைப் பற்றிக் கேட்கவில்லை என்பது மூவருக்கும் விளங்கியது. ஆனால் பாருங்கள், உம்மாவை முன் விறாந்தையில் நிறுத்திவைத்த ஒரே காரணத்தை, அவள் மேல் வைத்த பாசத்தாலேயே பஸ்னா மீனுக்குப் போட்டுவிட்டாள்.

6

இனி முடிவு.

முடிவு ஒன்று: பஸ்னா எழுந்து நின்று, “எனக்கு இந்த வீடு வேணாம்” என்கிறாள். வாரப் பத்திரிகைக்கு நன்றாக இருக்கும், படமும் போடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் முதலில் கை ஓங்குவது நஜ்முன் நிஸாவாகத்தான் இருக்கும். மகளுக்கு வீடு கொடுக்காத தாய் என்று பேரெடுக்க அவள் தயாரில்லை.

முடிவு இரண்டு: போளை இடுக்கில் ஐந்து குஞ்சுகள் தப்பியிருந்தன. இதை எழுதியே விட்டேன். நஜ்முன் நிஸா தொட்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஐஞ்சா?”

“ஓம். ஒரு ஆறுதலுக்கு.”

“இந்தக் குஞ்சு நீந்தும் வரைக்கும் கண்ணாடியிலதான் தொங்கும். போளைக்குக் கீழ என்ன வேலை? மீன் தெரியாட்டி ஆட்டுக் கதை எழுதுங்கோ.”

ஐந்தையும் எடுத்துவிட்டேன்.

முடிவு மூன்று: அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னறைக்குப்—

இல்லை. இதை என்னால் எழுத ஏலாது.

7

வியாழக்கிழமை ஷிஃபானா வந்தாள். மாப்பிள்ளையின் மூத்த சகோதரி. கையில் அளவு நாடா. சோபா செய்கிற தச்சன் சுவரின் நீளம் கேட்டிருந்தான்.

முதல் பிரதியில் அவளைப் பொல்லாதவளாக எழுதினேன். கதைக்கு ஒருவர் வேண்டுமே என்று. ஆனால் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, “மாமி, முகம் வாடியிருக்கு, சுகமில்லையா?” என்று கேட்டபோது அந்த எண்ணம் கைவிட்டுப் போயிற்று. அவளும் உம்மாவின் வீட்டில் இருப்பவள்தான். அவளுடைய உம்மா எட்டு வருஷமாகக் கிணற்றடி அறையில்.

நாடாவை விரித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“இது பின்னுக்குப் போகும்தானே, மாமி?”

நஜ்முன் நிஸா வாய் திறந்தாள். அவளிடம் பொய் இல்லை. குஞ்சு இருந்தவரை அவள் சொன்னது முழுப் பொய்யல்ல, இப்போது சொன்னால் முழுப் பொய். “ஓம் மகள்,” என்று தொடங்கினாள்.

“ஏலாது மதினி,” என்றாள் பஸ்னா.

அறை வாசலில் நின்றிருந்தாள். கண் இன்னும் வீங்கியிருந்தது. “தொட்டியை அசைக்க ஏலாது. குஞ்சு ஒட்டியிருக்கு. விழுந்தாச் செத்துப்போகும்.”

ஷிஃபானா குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். சிவந்த தலையோடு ஒரு மீன், அதன் பின்னால் இன்னொன்று. வேறொன்றும் இல்லை. இல்லை என்பது அவளுக்குத் தெரிந்ததா, குஞ்சு அவ்வளவு சின்னது என்று நினைத்துக்கொண்டாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவள் பஸ்னாவைப் பார்க்கவில்லை, நஜ்முன் நிஸாவைத்தான் பார்த்தாள். நாடாவை மெல்லச் சுருட்டினாள்.

“அப்ப எத்தனை நாளைக்கு எண்டு தச்சனுக்குச் சொல்லட்டும்?”

பஸ்னா உம்மாவைப் பார்த்தாள். உம்மா சுவரைப் பார்த்தாள். பஸ்னா வாய் திறந்து ஒரு கணக்குச் சொன்னாள்.

அதை நான் எழுதவில்லை. மூன்று நாள் என்று போட்டுப் பார்த்தேன், கொடுமையாக இருந்தது. மூன்று வருஷம் என்று போட்டேன், ஷிஃபானா சிரித்துவிட்டாள். நான் இந்த வீட்டுக்காரனில்லை. உங்களுக்கும் ஒரு வீடு இருக்கும், அதில் ஒரு சுவரும் இருக்கும். இடம் விட்டிருக்கிறேன், பேனையை நீங்கள் எடுங்கள்.

“இன்னும் ……………… நாள், மதினி.”